பழைய சிவப்பு வைனும் என் கணவரின் மூக்கும்

என் கணவர் குடிக்கிற மனிதர் அல்ல. இதை எத்தனை பேருக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேனோ தெரியாது. வைன் விற்கிற கொம்பனியில் வேலை என்றதும் எங்கள் சனம் ஒரு சிரிப்புச் சிரிக்கும். "அப்ப ஆள் பின்னேரத்தில நல்ல தண்ணிதான்" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால் கோயிலிலும் கலியாண வீடுகளிலும் யாரும் கேட்டால் "ஏற்றுமதி இறக்குமதிக் கொம்பனி" என்று சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிவிடுவேன். யாழ்ப்பாணத்தில் இருந்த மாமிக்கும் அப்படித்தான் எழுதியிருந்தோம். பொய்யும் இல்லைத்தானே.

அவர் லண்டனுக்கு வந்தது கணக்கியல் படிக்க. படிப்பு பாதியில் நின்றுபோக, தேம்ஸ் ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு பழைய வைன் கொம்பனியின் நிலவறையில் பெட்டி தூக்கப் போனார். எண்பதுகளின் தொடக்கம் அது. அந்தக் கொம்பனியின் முதலாளி வயதான வெள்ளைக்காரர், நல்ல மனிதர். வேலைக்காரர் எல்லாரையும் கூப்பிட்டு வைனை மூக்கில் வைத்து மணக்கவும் சுவைக்கவும் விடுவார். மற்றவர்கள் பகிடி விட்டுக்கொண்டு மடக்கு மடக்கென்று விழுங்க, என்னுடையவர் மணந்து பார்த்து, துப்பிவிட்டு, போன மாதம் மணந்த இன்னொரு போத்தலை ஞாபகப்படுத்திச் சொல்வாராம். ஒருமுறை மணந்தது அவருக்கு மறக்காது. முதலாளி அவரை மாலை வகுப்புக்கு அனுப்பினார். சோதனைகள் எழுதினார். நாங்கள் லண்டன் ரெய்னர்ஸ் லேனில் வீடு எடுத்த காலத்தில் அவர் நிலவறையை விட்டு மேலே வந்து, வைன் வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு சொல்கிற மேசையில் உட்கார்ந்துவிட்டார். அந்த மேசையில் ஒரேயொரு கறுத்த முகம் அவருடையதுதான்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்த மூக்குத்தான் ராசா. காலமையில் வெங்காயம் வதக்கக் கூடாது. சென்ட் பூசக் கூடாது. வெள்ளிக்கிழமைகளில் சாம்பிராணி காட்டக்கூடாது, மணம் உடுப்பில் ஏறிவிடுமாம்.

"சாமியை விட உங்கட மூக்குப் பெரிசோ?" என்று ஒருநாள் கத்தினேன்.

"சாமி சம்பளம் தாறேல்லையே," என்றார்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பிள்ளை இருக்கிற வீடுகளில் பிள்ளைக்குச் சளி பிடிக்குமோ என்று பயப்படுவது போல நாங்கள் அந்த மூக்குக்குச் சளி பிடிக்குமோ என்று பயந்தோம். இப்போது இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது.

எண்பதுகளின் கடைசியில் ஒரு செப்டெம்பர் மாதம் கொம்பனி தன் ஆட்களையும் மனைவிமாரையும் பிரான்சுக்குக் கூட்டிக்கொண்டு போனது. வைன் தோட்டம் பார்க்க. நானும் நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு போனேன். திராட்சையை நாங்கள் முந்திரிகை என்போம்; முந்திரிகைத் தோட்டம் என்றால் எனக்குத் தெரிந்தது எங்கள் ஊர்ப் பந்தல்தான். தலைக்கு மேலே குலை தொங்கும், கீழே நிழல் இருக்கும், காலையும் மாலையும் தண்ணீர் இறைப்பார்கள். இங்கே என்னடா என்றால் இடுப்பளவுக்குக்கூட வளராத கட்டைக் கொடிகள் வரிசையாக நிற்கின்றன. நிலம் முழுக்க முட்டை முட்டையாகக் கூழாங்கல். மண்ணைக் காணவே கிடைக்கவில்லை. என் செருப்பு ஒன்று அங்கேயே அறுந்தது.

"தண்ணி ஊத்திறேல்லையோ?" என்று கேட்டேன்.

ஊற்றவே மாட்டார்களாம். தண்ணீர் கிடைத்தால் கொடிக்குச் சோம்பல் பிடித்துவிடும். கல்லுக்குள்ளால் வேரை விட்டு, ஆழத்தில் இருக்கிற ஈரத்தைத் தேடிக் கொடி துன்பப்பட வேண்டும். துன்பப்பட்ட கொடியில்தான் பழம் திறமாக வரும். முதலாளி சொல்லச் சொல்ல என்னுடையவர் தமிழில் சொன்னார்.

"துன்பப்பட்டாத்தான் திறமா வருமெண்டால் எங்கட சனத்தைப் பிழிஞ்சிருக்கலாமே. உலகத்திலேயே நம்பர் வன் வைன் வந்திருக்கும்," என்றேன்.

அதை அவர் இங்கிலிசில் சொல்லவில்லை. நல்ல காலம்.

அவர் குனிந்து ஒரு கல்லை எடுத்தார். மணந்தார். பிறகு எல்லாருக்கும் முன்னால் அதை நாக்கால் நக்கினார். எனக்கு வெட்கத்தில் தலை வெடித்துவிடும் போல இருந்தது. ஆனால் முதலாளியும் இன்னொரு கல்லை எடுத்து நக்கினார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிச் சிரித்தார்கள். எங்கள் கலியாண நாளில்கூட என் கணவரின் முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தை நான் காணவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

அந்தத் தோட்டத்தில் எங்கள் கலியாணத்துக்கு முன்பே ஒரு வருடம் பறித்த பழத்தில் செய்த சிவப்பு வைன், பெட்டி பெட்டியாக லண்டன் நிலவறையில் கிடந்தது. முதலாளி தன் நம்பிக்கையில் வாங்கிப் போட்டது. வைன் இளசாக இருந்தபோது பத்திரிகைகளில் எழுதுகிற விமர்சகர்கள் அதைக் கிழி கிழி என்று கிழித்தார்களாம். துவர்ப்பு கூட, முரட்டு வைன், இது ஒருநாளும் பழுக்காது என்று எழுதினார்களாம். எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் ஓ.எல். சோதனை மாதிரி வைனுக்கும் இருபதுக்கு இத்தனை என்று புள்ளி போடுவார்கள். அந்தப் பிள்ளை பெயில். முதலாளி மட்டும், பொறுங்கள், காலம் வரும் என்று இருந்தார். என்னுடையவரும் அவர் பக்கம். ஒவ்வொரு வருடமும் ஒரு போத்தல் திறந்து பார்ப்பார்கள். "இன்னும் நித்திரைதான்," என்று வீட்டுக்கு வந்து சொல்வார், ஆஸ்பத்திரியில் கிடக்கிற சொந்தக்காரரைப் பார்த்துவிட்டு வந்த மாதிரி.

இளம் வைனில் பழ மணம்தான் முன்னுக்கு நிற்குமாம். வருடக்கணக்கில் இருட்டில் கிடக்க அந்தப் பழ மணம் மெல்ல மெல்லச் செத்துப்போகும். அதற்குப் பிறகுதான் தோல், புகையிலை, உக்கின இலை என்று வேறு மணங்கள் எழும்பும். நிறமும் இரத்தச் சிவப்பு மாறிச் செங்கட்டி நிறத்துக்கு வரும். இதையெல்லாம் அவர் சோறு சாப்பிடும்போது எனக்குச் சொல்வார். நான் பாதி கேட்பேன், பாதி கேட்க மாட்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு தை மாதம் அவருக்குச் சளிக்காய்ச்சல் வந்தது. ஒரு கிழமை படுத்தார். லண்டனில் தை மாதம் யாருக்குத்தான் வருவதில்லை? நான் மல்லியும் வேர்க்கொம்பும் போட்டுக் கோப்பி அவித்துக் கொடுத்தேன்.

"என்னப்பா, பழைய மல்லியோ? மணமே இல்லை," என்றார்.

மல்லி அன்றைக்குத்தான் வறுத்தது. வீடெல்லாம் மணந்துகொண்டிருந்தது. சளிதானே, மூக்கு அடைத்திருக்கிறது என்று நினைத்தேன். காய்ச்சல் விட்டது. மூக்கடைப்பும் போனது. ஒருநாள் காலை குளியலறையில் அவர் சவர்க்காரத்தை மூக்கோடு வைத்துக்கொண்டு நின்றார். பிறகு குசினிக்கு வந்து தோடம்பழத் தோலை நசித்து மணந்தார். பெருங்காயப் பேணியைத் திறந்தார். தலைவலித் தைலத்தை மூக்கடியில் பூசினார்.

"எரியுது," என்றார். "எரியுது, ஆனா மணக்கேல்லை."

தைலப் போத்தலை மூடாமலே பெருங்காயப் பேணியைத் திரும்பவும் திறந்தார்.

டொக்டர், பொறுத்திருந்து பார்ப்போம் என்றார். நாங்கள் மாதக்கணக்கில் காத்திருந்து போய்ப் பார்த்த ஆஸ்பத்திரி டொக்டர், மூக்கின் உள் நரம்பு செத்துப்போய்விட்டது, திரும்பி வரலாம், வராமலும் விடலாம் என்றார். அவர் சொன்ன விதத்தைப் பார்த்தால் ஏதோ விரல் நகம் போன மாதிரி. போகும்போது, நல்ல வேளை கண் போகவில்லை என்று வேறு சொன்னார். கோதாரி விழுந்த ஆறுதல்.

"வேலையிடத்தில சொல்லுங்கோவன்," என்றேன். "அந்தக் கிழவன் நல்ல மனிசன்தானே. உங்களைத் தின்னமாட்டார்."

"கால் முறிஞ்சா சொல்லலாம்," என்றார். "அந்த மேசையில என்னை இருத்தி வைச்சிருக்கிறது என்ர படிப்போ, என்ர இங்கிலிசோ? இந்த மூக்கு மட்டும்தான். மூக்குப் போட்டுதெண்டால் அங்க நான் ஆர்?"

 

நாக்கு அவருக்கு வேலை செய்தது. புளிப்பு, துவர்ப்பு, கசப்பு எல்லாம் தெரியும். மணம்தான் இல்லை. அதனால் வைன் மாதிரிகளை வீட்டுக்குக் கொண்டுவரத் தொடங்கினார். கொம்பனியில், வீட்டில் அமைதியாக இருந்து பார்க்கிறேன் என்று சொன்னாராம். சனிக்கிழமை மத்தியானங்களில் குசினி மேசையில் கண்ணாடிக் குவளைகளை வைத்து ஊற்றுவார். விரதம் தவறாத ஒரு சைவக்காரி, வாழ்க்கையில் ஒரு சொட்டு வாயில் வைக்காதவள், நான் மூக்கை நுழைத்து மணந்து சொல்ல வேண்டும்.

"என்ன மணக்குது?"

"சாராயம்."

"அதை விடும். அதுக்குப் பின்னால என்ன?"

அதற்குப் பின்னால் நிறைய இருந்தது. பழம்புளி இருந்தது. வெயிலில் காயப்போட்ட புகையிலை இருந்தது. பென்சில் சீவின தூள், புதுச் செருப்பு, துருப்பிடித்த இரும்பு வாளி. நான் சொல்லச் சொல்ல அவர் அதை இங்கிலிசுக்கு மாற்றி எழுதிக்கொள்வார். பென்சில் தூள் ஏதோ ஒரு மரத்தின் பெயரில் அங்கே போய்ச் சேர்ந்தது, புகையிலை சுருட்டுப் பெட்டியாகிவிட்டது. அவர் வாயில் ஊற்றி, கொப்பளித்து, சிங்கில் துப்பிவிட்டுப் புளிப்பையும் துவர்ப்பையும் சேர்ப்பார். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முழு ஆள். கொம்பனியில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அந்தச் சனிக்கிழமைகளில் அவர் மேசையில் முன்னுக்குச் சாய்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். என் வாயிலிருந்து ஒரு சொல் விழ வேண்டும் என்று அவர் காத்திருந்தது எங்கள் சீவியத்தில் அந்த மாதங்களில்தான். எனக்கு அது பிடித்திருந்தது. மனிசன் கண் தெரியாதவன் போலத் தடவிக்கொண்டிருக்க, எனக்கு அது பிடித்திருந்தது. என்ன செய்ய, அப்படித்தான் இருந்தது.

ஆனால் சாப்பாட்டு மேசையில் என் நெஞ்சு உடையும். முன்பெல்லாம் குழம்புச் சட்டியைத் திறக்கும்போதே, "வெந்தயம் கருகிப்போச்சு" என்று வாசலில் நின்றே சொல்லுகிற மனிதர். சண்டை பிடிப்பேன். இப்போது எதை வைத்தாலும் பேசாமல் பிசைந்து சாப்பிட்டார். சண்டை பிடிக்கக்கூட ஒன்றும் மிஞ்சவில்லை. நான் வெள்ளிக்கிழமைகளில் சாம்பிராணி காட்டத் தொடங்கினேன். புகைக்கு நடுவே இருந்து அவர் டிவி பார்ப்பார்.

அந்த வருடம் கார்த்திகை மாதம், அந்தப் பழைய சிவப்பு வைனின் நாள் வந்தது. முதலாளி முடிவு செய்துவிட்டார். பெயில் என்று எழுதின விமர்சகரையே மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு, அதே வைனை அவர் முன்னால் வைக்க வேண்டும். கூடவே இன்னும் சில விமர்சகர்களும் வியாபாரிகளும் வருவார்கள். என்னுடையவருக்குக் கொடுத்த வேலை, காலையில் போத்தல்களைத் திறந்து ஒவ்வொன்றையும் மணந்து பார்ப்பது. பழைய வைனில் இது கட்டாயம். ஒரே பெட்டி, ஒரே வருடம் என்றாலும் ஒரு போத்தலில் தக்கை பழுதாகி வைனைக் கெடுத்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் வடிவாகப் பிடிபடாது. மூக்குத்தான் சொல்ல வேண்டும்.

"நீர் வரவேணும்," என்றார்.

"எனக்கு அண்டைக்கு ஷிப்ட்." விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற ஒரு தொழிற்சாலையில் நான் அப்போது வேலை.

"லீவு போடும். கிளாஸ் துடைக்க ஆள் காணாது, என்ர மனுசி வருவா எண்டு சொல்லிப்போட்டன்."

ரயிலில் போகும்போது பாடம் சொல்லித் தந்தார். தக்கை பழுதான வைன் எப்படி மணக்கும் என்று அவருடைய புத்தகங்கள் சொல்வதைத் தமிழில் சொன்னார். நனைந்த கடதாசி மட்டைப் பெட்டி. நனைந்த நாய். பூட்டிக் கிடந்த நிலவறை. "ஒரு கூடாத மணம். உமக்கே அருவருக்கும். வந்தா உடனே சொல்லும், அந்தப் போத்தலை எடுத்துப்போடுவன்." நான் தலையாட்டினேன். நாய் வளர்த்தவளா நான்? எங்கள் வீடுகளில் நிலவறை ஏது? கூடாத மணம் என்றால் கூடாத மணம், மூக்குச் சொல்லாதா என்று நினைத்தேன்.

நிலவறையில் குளிர் எலும்புக்குள் ஏறியது. அவர் ஒவ்வொரு தக்கையாக மெதுவாக இழுத்தார். அந்தக் கைக்கு வேலை தெரியும். கொஞ்சம் ஊற்றித் தானும் மணப்பது போலப் பிடித்துவிட்டு என்னிடம் தருவார். மேலே சாமான் கொண்டுபோக ஆட்கள் வந்து போனார்கள். நாங்கள் தமிழில் குசுகுசுத்தோம். முதல் போத்தல், புகையிலையும் சாராயமும். அடுத்தது, புளி, தோல், சாராயம். இதுவும் சரி. அதுவும் சரி. எல்லாவற்றிலும் எனக்குப் பிடிக்காத அந்த நெடி முன்னால் நின்றது.

பிறகு ஒரு போத்தல் வந்தது. அதை மூக்கருகில் கொண்டுபோன உடனே நான் அப்படியே நின்றுவிட்டேன். சாராய நெடி இல்லை. பழமும் இல்லை, புளியும் இல்லை. மண் மட்டும்தான். காய்ந்து வெடித்த நிலத்தில் முதல் மழை விழுந்த உடனே எழும்புமே, அந்த மணம். லண்டனில் நாள்தோறும் மழை பெய்கிறது, ஒருநாளும் அந்த மணம் வந்ததில்லை. என் கண் கலங்கிவிட்டது. திரும்பவும் மணந்தேன். அதே மணம்.

"என்ன? கூடாதோ?" என்றார்.

"ஐயோ இல்லையப்பா. மண் மணக்குது. மழை மண். இதுதான் எல்லாத்திலயும் திறம்."

அவருடைய முகம் மலர்ந்தது. ஈர மண், உக்கின இலை, காட்டுத் தரை என்றெல்லாம்தான் விமர்சகர்கள் முதிர்ந்த வைனைப் புகழ்ந்து எழுதுவார்கள். பழம் செத்து மண் எழும்பியிருக்கிறது. இத்தனை வருடம் நித்திரை கொண்ட வைன் கண் திறந்துவிட்டது. "இதை அந்த மனிசனுக்கு முன்னால வைக்கிறன்," என்று தன் கையாலேயே அந்தப் போத்தலைத் தனியாக எடுத்து வைத்தார். அந்த வருடத்தில் அவர் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

மேலே நீள மேசை. வெள்ளைத் துணி. நான் கிளாஸ் துடைக்கிற துணியும் கையுமாகக் குசினி வாசலில் நின்றேன். பெயில் போட்ட அந்த விமர்சகர் மெலிந்த மனிதர், மூக்கு நீளம், அதிகம் பேசவில்லை. என் கணவர் அவருக்குப் பின்னால் நின்று, அந்தப் போத்தலிலிருந்து ஊற்றினார். விமர்சகர் குவளையைச் சுழற்றினார். மூக்கை வைத்தார். உடனே எடுத்துவிட்டார். வாயில்கூட வைக்கவில்லை. குவளையைத் துணியில் வைத்து, மெதுவாக, கொஞ்சம் கவலையோடுதான், முதலாளியிடம் என்னவோ சொன்னார். தக்கை பழுது என்றிருக்கிறார்.

இது பெரிய விசயமே இல்லை. நடக்கிறதுதான். வேறு போத்தல் கொண்டுவந்தால் முடிந்தது. முதலாளி குவளையை எடுத்து மணந்தார், முகம் ஒருமாதிரிப் போனது. அதை என் கணவரிடம் நீட்டினார். நீ பார்த்துத்தானே எடுத்து வைத்தாய், நீ சொல் என்பது போல. குற்றம் சாட்டவில்லை. அவருடைய மூக்கை நம்பிக் கேட்டார்.

அவர் வாங்கிச் சுழற்றினார். கண்ணை மூடி மணந்தார். மேசை முழுக்க அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்தார், என்னைப் பார்த்தார்.

எனக்கு இங்கிலிசில் என்ன பேசினார்கள் என்பதே சரியாக விளங்கவில்லை. நல்லதா என்று கேட்கிறார் என்று நினைத்தேன். ஓம் என்று தலையை ஆட்டினேன். பலமாக ஆட்டினேன்.

அவர் நிமிர்ந்து நின்று சொன்னார், பழுதில்லை என்று. ஈர மண், முதிர்ந்த வைனின் மணம், மிக அருமை என்று.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட நல்லாயிருந்திருக்கும். குவளை கைமாறிக் கைமாறிப் போனது. ஒவ்வொருவரும் மணந்துவிட்டு, அவருடைய முகத்தைப் பார்க்காமல் பக்கத்து ஆளிடம் கொடுத்தார்கள். வைன் படித்த சின்னப் பிள்ளைக்கும் தெரிகிற பழுது அது. முதலாளி அவரைப் பார்த்தார். பிறகு என் கணவர் எங்கே பார்த்தாரோ அந்தப் பக்கம் திரும்பி, துணியோடு நிற்கிற என்னைப் பார்த்தார். அந்த மனிதர் முட்டாள் இல்லை.

மற்றப் போத்தல்கள் எல்லாம் நன்றாக இருந்தன. விமர்சகர் தன் பத்திரிகையில், நான் அன்றைக்குப் பிழையாக எழுதிவிட்டேன், இந்த வைன் பழுத்துவிட்டது என்று எழுதினார். நல்ல புள்ளியும் போட்டார். ஆக, வைன் பாஸ்.

முதலாளி அடுத்த நாள் என்னுடையவரைக் கூப்பிட்டு, எப்போதிருந்து என்று கேட்டாராம். தை மாதத்திலிருந்து என்றாராம். அப்படியென்றால் இவ்வளவு நாளும் மணந்தது யார் என்றாராம். "மனுசி எண்டு சொன்னன். கிழவன் இரண்டு கையாலயும் முகத்தைப் பொத்திக்கொண்டு இருந்தார்," என்றார். முதலாளி திட்டவில்லை. கந்தோரில் பில் எழுதுகிற வேலை தருகிறேன் என்றிருக்கிறார். என்னுடையவர் சில கிழமைகள் போனார். வைன் மேசை இருக்கிற அறையின் கதவைத் தாண்டித்தான் கந்தோருக்குப் போக வேண்டுமாம். பிறகு போகவில்லை.

"நீர் அண்டைக்கு என்ன மணந்தனீர்?" என்று ஒருநாள் கேட்டார்.

"முதல் மழை."

"உம்மில பிழையில்லை," என்றார். "எனக்கெண்டால் உடனே தெரிஞ்சிருக்கும்."

அவர் கோபப்பட்டிருந்தால் நானும் கத்தியிருப்பேன். எத்தனை வருடமாக எனக்குக் கத்தத் தெரியும். அவர் கோபப்படவில்லை.

காலமையில் நான் வேலைக்கு வெளிக்கிடும்போது அவர் சரக்குப் போத்தல்களை மேசையில் பரப்பி வைத்திருப்பார். சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, ஏலக்காய், கறுவா. ஒவ்வொன்றாகத் திறந்து மணப்பார், மூடுவார். பின்னேரம் வந்து பார்த்தால் அதே இடத்தில் அதே போத்தல்கள். ஏதும் வந்ததா என்று நான் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

யாரிடம் சொல்லி அழுவது? ஊரில் சண்டை நடந்த அந்தக் காலத்தில் எங்கள் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு இழவு இருந்தது. லண்டனின் மற்றப் பக்கம் பிளேஸ்டோவில் இருந்த என் ஒன்றுவிட்ட அக்காவிடம் ஒருநாள் வாய்விட்டுச் சொன்னேன். அவளுடைய தம்பியைப் பிடித்துக்கொண்டு போய் மாதக்கணக்காகத் தகவல் இல்லை. "அங்க சனம் செல்லடியில செத்துக்கொண்டிருக்கு. உன்ர மனிசனுக்கு மூக்கு மணக்கேல்லையெண்டு அழுறியே?" என்றாள். அவள் கேட்டதில் என்ன பிழை? நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. சொல்லத் தகுதியில்லாத துக்கம் ஒன்றை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் இருந்தோம்.

அடுத்த மாசி மாதம், காலை ஷிப்ட் முடித்து மத்தியானம் வந்தேன். முன்கதவைத் திறந்த உடனே மூக்கில் அடித்தது. காஸ். சப்பாத்தோடு குசினிக்கு ஓடினேன். அவர் மேசையில் இருந்தார், கைகள் மடியில். அடுப்பில் கேத்தல் இருந்தது. அதன் கீழே காஸ் முழுக்கத் திறந்திருந்தது, நெருப்பு இல்லை. நான் அடுப்பை நிறுத்தி, பின்கதவைத் தள்ளி, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்தேன். குளிர் உள்ளே கொட்டியது.

"ஏன் இந்தக் குளிருக்குள்ள திறக்கிறீர்?" என்றார்.

"காஸ் திறந்து கிடக்கு! வீடு முழுக்கக் காஸ்!"

"அப்பிடியோ," என்றார். "தேத்தண்ணி வைக்க வந்தனான். மறந்துபோனன் போல. எனக்கு மணக்காதே."

கேத்தலைத் தூக்கிப் பார்த்தேன். தண்ணீர் நிரம்பியிருந்தது. மேசையில் ஒரு குவளை, அதில் தேயிலைப் பை ஒன்று போட்டிருந்தது. தேத்தண்ணிக்குத்தான் என்று நம்புவதற்கு எல்லாம் இருந்தது. நான் அவருக்கு முன்னால் முழங்காலில் இருந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்தேன்.

"உண்மையாவே மறந்தனீங்களோ? என்ர கண்ணைப் பாத்துச் சொல்லுங்கோ. உண்மையாவோ?"

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை.

"நீர்தானே மணந்து சொல்லுறனீர்," என்றார். "நீரே சொல்லும்."

நான் எழும்பி, அவருடைய தலையை என் நெஞ்சோடு அணைத்து, உச்சியில் மூக்கை வைத்து மணந்தேன். தேங்காய் எண்ணெய் மணந்தது. சவர்க்காரம் மணந்தது. காஸ் மணந்தது. வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை.